பருவகால இன்ஃபுளுவென்சா

பருவகால இன்ஃபுளுவென்சா என்பது இன்ஃபுளுவென்சா தீநுண்மங்களால் மூச்சு மண்டலத்தில் ஏற்படும் தொற்றுநோய் ஆகும். சாதாரணத் தடுமனைப் போலன்றி இது கடுங்காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவற்றுடன் திடீரெனத் தொடங்கும். முதியோர், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோருக்கு இது நுரையீரல் அழற்சியாக முற்றி உயிரிழப்பும் நேரலாம்.

தீநுண்மத்தின் மேற்பரப்புப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசி ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. அதில் சேர்க்கவேண்டிய வகைகளை உலக சுகாதார அமைப்பு வட அரைக்கோளத்திற்குப் பெப்ரவரியிலும் தென் அரைக்கோளத்திற்குச் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. பி வகையின் யமகாட்டா மரபுவழி 2020 மார்ச்சு மாதத்திற்குப் பின் மக்களிடையே பரவியதாக உறுதிசெய்யப்படவில்லை. எனவே அதனைச் சேர்க்க வேண்டியதில்லை என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

அறிகுறிகள் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே நோய் பிறருக்குத் தொற்றக்கூடும். ஆகையால் நோயுற்றோர் ஒதுங்கியிருப்பது மட்டும் போதாது. கைகழுவுதலும் இருமும்போது வாயை மூடுதலும் அனைவருக்கும் உரியவை.