ரெக்கார்டிங் சென்டர்ல இருந்து மெமரி கார்டு வரைக்கும்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல.

பாட்டை டவுன்லோடு பண்றது திருட்டு, காசு குடுத்து வாங்கறதுதான் நேர்மைன்னு ஒரு கோஷ்டி. எல்லாம் சும்மா கிடைக்கும்போது எதுக்குய்யா காசுன்னு எதிர் கோஷ்டி. நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்க நாலு பேர் சேர்ந்தா இந்தச் சண்டை வராம இருக்காது. எனக்கு என்னமோ ரெண்டு கோஷ்டியும் எங்க ஊரைப் பத்திப் பேசற மாதிரியே தெரியல. எங்க ஊருன்னா கெங்கவல்லி. ஆத்தூர்ல இருந்து தம்மம்பட்டி போற வழி. குச்சிக்கிழங்கு காடும் ஜவ்வரிசி மில்லும் பார்த்தவங்களுக்கு ஏரியா புரிஞ்சிருக்கும். அங்கெல்லாம் மூணாவதா ஒரு வழி இருந்துச்சு. காசு குடுத்துதான் வாங்குவாங்க, ஆனா வாங்கறது காப்பி. அந்தக் கதையத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல இசைத்தட்டு. 1902-ல் கல்கத்தாவுல கௌஹர் ஜான் பாடினதை கிராமபோன் கம்பெனிக்காரங்க பதிவு பண்ணி, ஜெர்மனியில ஹானோவர்ல தட்டு அச்சடிச்சுக் கொண்டு வந்தாங்க. 1908-ல்தான் கல்கத்தா சியால்டாவுல ஆலை போட்டாங்க. நம்ம ஏவி.மெய்யப்பச் செட்டியார்கூட படம் எடுக்கறதுக்கு முன்னாடி சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமா இசைத்தட்டு வித்தவர்தான். 78 சுத்து தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம். பாட்டு நீளமா இருந்தா பாதி இந்தப் பக்கம், மீதிக்குத் தட்டைத் திருப்பிப் போடணும்.

கிராமத்துல இதை யார் வாங்கினா? வசதியான ஒண்ணு ரெண்டு வீடு, அப்புறம் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகைன்னா குழாய் கட்டிடுவாங்க. ஒருத்தர் வாங்குவார், ஊரே கேக்கும். மத்த நேரத்துக்கு இலங்கை வானொலி, 1957-க்கு அப்புறம் விவித்பாரதி. ஒரு பாட்டை நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம்கற யோசனையே முக்கால்வாசிப் பேருக்கு வந்திருக்காது.

அதை மாத்தினது கேசட். பிலிப்ஸ் 1963-ல் கண்டுபிடிச்சாலும் நம்ம ஊருகளுக்குப் பரவலா வந்து சேர்ந்தது எண்பதுகள்லதான். கூடவே வந்தது ரெக்கார்டிங் சென்டர். எங்க மாமா செட்டு ஆளுங்களைக் கேட்டா இன்னிக்கும் கண்ணு விரியும். வெத்து கேசட்டும் ஒரு பேப்பர்ல லிஸ்ட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்தா ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாம். 60 நிமிஷ கேசட்ல பக்கத்துக்கு 6, மொத்தம் 12 பாட்டு. லிஸ்ட்டைப் பார்த்தே யாருக்குக் காதல் தோல்வின்னு கடைக்காரர் கண்டுபிடிச்சுடுவாராம் :-)

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரிஜினல் கேசட் விலை அதிகம்கறது மட்டும் காரணம் இல்ல. ஒரு படத்தோட பாட்டு உரிமை ஒரு கம்பெனிகிட்ட இருக்கும், அடுத்த படத்தோடது வேற கம்பெனிகிட்ட. நமக்குப் புடிச்ச 12 பாட்டை ஒரே கேசட்ல போட்டுத் தர எந்தக் கம்பெனியாலயும் முடியாது. ரெக்கார்டிங் சென்டர்காரரால முடிஞ்சுது. ஜனங்க காசு குடுத்தது அந்த வசதிக்கு.

சட்டம் சும்மா இருக்கல. 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கேசட் மேல தயாரிச்சவர் பேர், முகவரி, உரிமையாளர் பேர் எல்லாம் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. வியாபாரமா காப்பி அடிச்சா குறைஞ்சது 6 மாசம் ஜெயில், 50,000 ரூபாய் அபராதம். 2004-ல் தமிழ்நாட்டுல இன்னும் ஒரு படி மேல போனாங்க. கள்ளச்சாராயக்காரர்களுக்காக 1982-ல் வந்த குண்டர் சட்டத்துல திருட்டு விசிடிக்காரங்களையும் சேர்த்தாங்க. அந்த விளக்கத்துல படம் மட்டும் இல்ல, படத்தோட பாட்டுப் பதிவும் அடக்கம். ஜாமீன் கிடையாது, ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்.

சரி, ஒரிஜினலே வாங்கியிருந்தா பாட்டு எழுதினவருக்குக் காசு போயிருக்குமா? இங்கதான் கதை சிக்கலாகுது. 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, சம்பளம் குடுத்துப் படத்துக்குப் பாட்டு போட வச்சா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை தயாரிப்பாளருக்குத்தான்னு சொல்லிடுச்சு. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில விட்டுக்குடுக்க முடியாத பங்கு உண்டுன்னு சட்டத்துல வந்தது 2012 திருத்தத்துலதான். கேசட் காலம் முழுக்க, கடையில நேர்மையா வாங்கினவர் காசும் கம்பெனியோட நின்னிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் எம்பி3. வெளிநாட்டுல 1999-ல் நாப்ஸ்டர் வந்து, 2001-ல் கோர்ட்டு இழுத்து மூட வச்சுது. எங்க ஊருப் பக்கம் வீட்டுக்கு நெட் வர்றதுக்கு முன்னாடியே எம்பி3 சிடியா வந்துடுச்சு. கணக்கு போட்டுப் பாருங்க. 128 கேபிபிஎஸ்ல ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்பி. 5 நிமிஷப் பாட்டுன்னா 700 எம்பி சிடியில 140 பாட்டு. நான் ஸ்கூல் படிக்கும்போது 2 ஜிபி மெமரி கார்டு வந்தாச்சு, அதுல 400. செல்போன் கடையில கார்டைக் குடுத்தா மொத்தமா ஏத்திக் குடுப்பாங்க. டவுன்லோடு பண்ணது கடைக்காரர் மட்டும்தான். ஒருத்தர் எடுத்து ஊரே கேட்ட அதே மைக் செட் கணக்கு, ஆனா இந்தத் தடவை முதல் ஆளும் காசு குடுக்கல.

முறையா விக்கப் பார்த்தவங்க இல்லாம இல்ல. பிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில பிளைட்டுன்னு எம்பி3 கடை திறந்துச்சு, 2013 ஜூன்ல மூடிடுச்சு. பாட்டு விலை கம்மிதான். ஆனா கம்ப்யூட்டர், நெட், ஆன்லைன்ல பணம் கட்ற வசதி எல்லாம் வேணும். பட்டன் போன் வச்சிருக்கற ஜவ்வரிசி மில் தொழிலாளிக்கு அந்தக் கடை எங்க இருக்குன்னே தெரியாது. செல்போன் கடை பஸ் ஸ்டாப்புலயே இருந்துச்சு.

குண்டர் சட்டத்தால ஆகாததை 2016-ல் வந்த ஜியோ செஞ்சுது. டேட்டா விலை விழுந்ததும் பாட்டு ஏத்தற வேலையே படுத்துடுச்சு. இப்ப எல்லாரும் ஸ்ட்ரீமிங். ஆனா கையில என்ன இருக்கு? 2023-ல் ஒப்பந்தம் முடிஞ்சதும் ஜீ மியூசிக் பாட்டெல்லாம் ஸ்பாட்டிபையில இருந்து காணாமப் போச்சு. 2024-ல் விங்க்கையே மூடறதா ஏர்டெல் அறிவிச்சுது. மாமா வீட்டு கேசட் டேப்பு சிக்கினாலும் பென்சில் விட்டு சுத்திச் சரி பண்ணலாம். இதை எதை விட்டுச் சுத்தறது?

இந்த நூறு வருஷக் கதையில என்னை உறுத்தறது காசு இல்ல, பேரு. ஒரிஜினல் கேசட் அட்டையில எழுதினவர், பாடினவர் பேரைப் பார்க்கலாம். ரெக்கார்டிங் சென்டர் கேசட்ல பாட்டு முதல் வரி மட்டும் இருந்துச்சு. மெமரி கார்டு எம்பி3-ல பாடகர் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஏதோ வெப்சைட் பேர். 2012-க்கு அப்புறம் ராயல்டியே பேரை வச்சுத்தான் பிரிக்கணும். பேர் தொலைஞ்ச பாட்டுக்கு யார் வீட்டுக்குப் பணம் அனுப்பறது?

அதனால ஒரு வேண்டுகோள். பரண்ல பழைய கேசட் இருந்தா, டேப்பு போனாலும் பரவாயில்ல, அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. அப்படியே உங்க ஊரு ரெக்கார்டிங் சென்டர் கதையையும் பின்னூட்டத்துல அவுத்து விடுங்க.

டிஸ்கி: மாமாவோட லிஸ்ட் பேப்பர் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அத்தை இந்த வலைப்பூவைப் படிக்கறதால பாட்டு விவரம் வெளியிடப்படாது :-)