முறுக்குவிசை: ஓர் உதை, இரண்டு சுற்று

‘முறுக்குவிசை’ என்றதும் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பாங்க. தீபாவளிப் பலகாரம்தான் ஞாபகம் வரும். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் வெளியே நிற்கும் கப்சாய் மோட்டாரைக் காட்டுங்கள், ஆசிரியர்களே.

அதன் எஞ்சின் 1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ ஓடவிட்ட நான்கு வீச்சு எஞ்சினின் வாரிசு. உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம் என்ற நான்கில் வெடிப்பு மட்டுமே தண்டைத் திருப்பும். இரண்டு சுற்றுக்கு ஓர் உதைதான்! அந்த உதையைச் சேமித்துப் பங்கிடத்தான் கனமான ஃபிளைவீல்.

முறுக்குவிசையை அளக்கும் வழி அதற்கு முன்பே, 1821இல், பிரான்சின் ப்ரோனி தந்தது. சுழலும் தண்டை ஒரு பிரேக் கட்டையால் இறுக்கி, அதன் நீண்ட கையில் எடை தொங்கவிடுவார். 1 மீட்டர் தூரத்தில் 10 நியூட்டன் தாங்கினால் 10 நியூட்டன் மீட்டர். ஆனால் கிடைப்பது சராசரிதான். உதைக்கு உதை ஏறி இறங்குவது அதில் தெரியாது.

இன்னொரு தொல்லை, தண்டு ஒரு பக்கம் திரும்பினால் எஞ்சின் உடம்பு மறுபக்கம் முறுக்கும். இதற்கு ஃபிளைவீல் மருந்தில்லை. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1890களின் இறுதியில் இரண்டு தண்டுகளை எதிரெதிராகச் சுழலவிட்டார். இரண்டு முறுக்கலும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. எனக்கு அவர் வழிதான் அழகு. உலகம் சிலிண்டர்களைக் கூட்டிக்கொண்டது: நான்கு இருந்தால் அரைச் சுற்றுக்கு ஓர் உதை.