செடிக்கும் கப்பலுக்கும் ஒரே வரி: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்கு ஏன் ஓட்டு இல்லை?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தியது.)

இந்த எபிசோடில் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசப் போறோம். சட்டம்னதும் ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. இது நம்ம காலடி மண்ணைப் பற்றிய விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி, டெல்லி, கலிபோர்னியான்னு சுத்திட்டு, உத்திரமேரூரில் வந்து முடிப்போம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிப் போகிற நெடுஞ்சாலை, அதை ஒட்டித் தொழிற்பேட்டை, இரும்பு உருக்கும் ஆலைகள், இலை மேல படிகிற தூசி. ஆனா இது அடிப்படையில் ஏரிகளின் நாடு. மேற்கே பெய்யும் மழை ஏரி ஏரியா இறங்கி, கிழக்கே பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேரும். அந்தச் சரிவின் குறுக்கே ஒரு காம்பவுண்டு சுவர் எழும்பினா, தண்ணி வேற வழி தேடும். அது யார் வீட்டு வாசலாகவும் இருக்கலாம்.

இப்ப ஒரு பெரிய தொழிற்சாலை வருதுன்னு வைங்க. சுற்றுச்சூழல் அனுமதியில் நெடுங்காலமா வழக்கமா ஒரு நிபந்தனை இருந்தது: மொத்த நிலத்தில் 33 சதவீதம் பசுமை வளையம். மூணில் ஒரு பங்கு! மீதியில் எழும்புகிற கட்டடத்துக்குப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியர் கையெழுத்து வேணும். இந்தப் பசுமை வளைய மண்ணுக்கு? எந்த மரம் தூசியைத் தாங்கும், எங்கே பள்ளம் விடணும், மழைநீர் எந்தப் பக்கம் வெளியேறணும்னு முடிவு செய்கிற ஆளுக்கு லைசென்ஸ்னு ஒண்ணு இந்தியாவில் கிடையாது. ஏன் இல்லைங்கிறதுக்கு 50 வருஷத்துக்கு மேலான ஒரு கதை இருக்கு.

1972: ஒரு விதிவிலக்கின் கதை

ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 1972-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் வழியா உருவானதுதான் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். யார் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கலாம், கல்லூரியில் என்ன தரம் இருக்கணும், தொழில் ஒழுக்கம் என்ன — இதுக்கெல்லாம் இந்த கவுன்சில்தான் பொறுப்பு.

அந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதுக்குக் கீழேயே ஒரு விதிவிலக்கு. ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’, ‘நேவல் ஆர்க்கிடெக்ட்’ என்று அழைக்கப்படுபவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. செடி, மரம், நிலத்தோற்றம் சார்ந்து திறந்தவெளிகளை வடிவமைப்பவர் முதலாமவர். கப்பலை வடிவமைத்துக் கட்டுபவர் இரண்டாமவர் என்று விளக்கமும் தந்திருக்காங்க. பாருங்க, ஏரிக்கரையை வடிவமைப்பவரும் எண்ணெய்க் கப்பலை வடிவமைப்பவரும் ஒரே வரியில்!

முதல் பார்வையில் இது சலுகை மாதிரித் தெரியும். பதிவு இல்லாமலே பட்டத்தை வச்சுக்கலாமே! ஆனா ஒரு தொழிலை வாசலுக்கு வெளியே நிறுத்துவதும் இப்படித்தான் நடக்கும். பதிவேட்டில் பெயர் இல்லைன்னா தரக்கட்டுப்பாடு இல்லை, தப்பு செய்தால் கேட்க ஆள் இல்லை, கவுன்சிலில் இடமும் இல்லை.

நாற்காலிக் கணக்கு

கவுன்சிலில் யார் யார் உட்கார்றாங்கன்னு 3-ஆவது பிரிவு சொல்லுது. இந்திய ஆர்க்கிடெக்ட்கள் கழகம் தேர்ந்தெடுக்கும் 5 பேர். கட்டடக்கலைக் கல்லூரித் தலைவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் 5 பேர். தொழில்நுட்பக் கல்விக் குழு நியமிக்கும் 2 பேர். பாதுகாப்பு, ரயில்வே துறைகளின் தலைமை ஆர்க்கிடெக்ட்கள், மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டடக்கலைப் பிரிவுத் தலைவர். மத்திய அரசு நியமிக்கும் ஒருவர். மாநிலத்துக்கு ஒரு ஆர்க்கிடெக்ட்.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்து வருவதைக் கவனிங்க. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நியமிக்கும் 2 பேர். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சர்வேயர்ஸ் நியமிக்கும் ஒருவர்.

ஆக, ஆர்க்கிடெக்ட் அல்லாதவர்களுக்கு இடமே கிடையாதுங்கிற வாதம் செல்லாது. நிலத்தை அளக்கிறவருக்கு ஒரு நாற்காலி போட்டாச்சு. அந்த நிலத்தை வடிவமைக்கிறவருக்கு இல்லை.

இதில் இன்னொரு முரண் இருக்கு. லேண்ட்ஸ்கேப் படிப்பு நம்ம நாட்டில் பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. அண்ணா பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் அது எம்.ஆர்க். பட்டமாகவே இருக்கு. பி.ஆர்க். முடிச்சுப் பதிவு செய்தவங்கதான் பெரும்பாலும் அங்கே வர்றாங்க. லேண்ட்ஸ்கேப் வேலைக்கான கட்டண அளவுகளைக்கூட கவுன்சில் வெளியிட்டிருக்கு. அதாவது அவங்க வேலைக்கு விலை சொல்கிற சபையில், அந்தத் தொழிலின் பெயரால் ஒரு ஓட்டு கிடையாது.

2003-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகள் தங்களுக்கென்று ‘இசோலா’ என்ற இந்திய அமைப்பை உருவாக்கினாங்க. உலக அளவில் இதுக்கு முன்னோடி 1948-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ‘இஃப்லா’. ஜெஃப்ரி ஜெல்லிகோ அதன் முதல் தலைவர். ஆனா சங்கம் வேற, சட்டபூர்வ சபை வேற. சங்கம் கோரிக்கை வைக்கும். சபைதான் முடிவெடுக்கும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு கொஞ்சம் முன்னே போயிருக்கு. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டின் தகுதியையும் பணியையும் அது தனியாகக் குறிப்பிடுது. 5 ஹெக்டேருக்கு மேல், பெருநகரங்களில் 2 ஹெக்டேருக்கு மேல் உள்ள நிலங்களுக்கு அவர் வேணும்ங்கிறது அதன் போக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அது வழிகாட்டி. மாநில, உள்ளாட்சி விதிகளில் ஏறினாத்தான் கட்டாயமாகும்.

கலிபோர்னியா கற்றுத்தரும் பாடம்

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முதலில் உரிமச் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா, 1953-இல். தனி வாரியமும் இருந்தது. 1997-இல் அந்த வாரியம் முடிவுக்கு வந்தது. 1998 தொடக்கத்தில், ஆர்க்கிடெக்ட் வாரியத்தின் கீழ் 5 பேர் கொண்ட ஒரு தொழில்நுட்பக் குழுவாக அது மாறியது. குழு ஆராயும், பரிந்துரைக்கும். இறுதி ஓட்டு வாரியத்திடம். அந்த வாரியத்தின் 10 இடங்களில் 5 ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு, 5 பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கு. வெர்ஜீனியா மாதிரி வேறு சில மாநிலங்கள் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், சர்வேயர், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் எல்லாரையும் ஒரே வாரியத்தில் உறுப்பினர்களாக உட்கார வச்சிருக்கு.

கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது ஒண்ணு. கையைத் தூக்கும்போது அந்தக் கையை எண்ணுவது இன்னொண்ணு. ஆலோசனைக் குழுவுக்கும் ஓட்டுள்ள நாற்காலிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அதுதான் எல்லாம்.

எதிர்வாதமும் வலுவானதுதான்

நியாயமாகப் பேசணும்னா மறுபக்கத்தையும் சொல்லணும். ஒண்ணு, பதிவே இல்லாத தொழிலுக்கு எப்படி நாற்காலி தர முடியும்? அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் பட்டியல் எங்கே? இரண்டு, பலர் ஏற்கெனவே ஆர்க்கிடெக்ட்டாகப் பதிவு செய்தவங்க. அவங்களுக்கு இரட்டைப் பிரதிநிதித்துவம் ஆகாதா? மூணு, கவுன்சிலின் கை எவ்வளவு நீளம்? 2020 மார்ச்சில், நொய்டா நகர நிர்வாகப் பதவி தொடர்பான முகேஷ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: 37-ஆவது பிரிவு ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்குது, கட்டடம் வடிவமைக்கும் வேலையைப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் எழுதித் தரலை.

அப்படின்னா, நாற்காலி மட்டும் கிடைத்தால் கும்மிடிப்பூண்டியில் ஒரு மரம்கூடக் கூடுதலா நிற்காது. முதலில் பதிவேடு, பிறகு ஓட்டு, பிறகு கையெழுத்துக்கு மதிப்பு. மூணும் சேர்ந்து வரணும். அதுக்கு நாடாளுமன்றம் 1972 சட்டத்தைத் திருத்தணும். விதிவிலக்கு வரியை எடுத்துட்டு, அந்த இடத்தில் பொறுப்பை எழுதணும். தோட்டக்கலை, வேளாண்மை படிச்சுட்டு இந்தத் தொழிலுக்கு வர்றவங்களுக்கும் அதில் வழி இருக்கணும். இல்லைன்னா பழைய வாசலை மூடிட்டு இன்னொரு வாசலை மூடின கதையாகிடும்.

தோட்ட வாரியம்

கடைசியா உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை எல்லாரும் குடவோலைத் தேர்தலுக்காக மேற்கோள் காட்டுவோம். எந்தெந்த வாரியத்துக்கு அந்த ஓலை எடுத்தாங்கன்னு கவனிக்கிறது குறைவு. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இன்னொண்ணும் இருக்கு: மேலான சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கும்போது, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவங்களுக்கு அங்கே இடம் இருந்தது.

அந்தச் சபை எல்லாருக்குமானது இல்லை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. அதைப் பொற்காலம்னு தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனா தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக்கிற வேலை நிர்வாகத்தின் ஒரு உறுப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஆயிரம் வருஷம் கழிச்சு நாம அதை விதிவிலக்கா எழுதி வச்சிருக்கோம்.

அடுத்த முறை பருவமழையில் சிப்காட் சாலையில் தண்ணி நிற்கிற செய்தி வந்தா, யார் அடைச்சாங்கன்னு கேட்பதோடு நிறுத்தாதீங்க. இந்த மண்ணை வடிவமைச்ச வரைபடத்தில் யார் கையெழுத்து இருக்குன்னும் கேளுங்க. உங்க பகுதி அனுபவம் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.