யானை போட்ட காசு: விலையைக் கேக்காதீங்க, ஊரைக் கேளுங்க

"அண்ணே, யானை போட்ட செப்புக்காசு ஒண்ணு கெடைச்சிருக்கு. என்ன வெலை போகும்?"

காசு சேர்க்க ஆரம்பிக்கிற தம்பிகள் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். ஆசைப்பட்டுக் கேக்குறாங்க, தப்பில்லை. ஆனா இந்த ஒத்தை வரியை வெச்சுக்கிட்டு உலகத்துல எந்த நாணயவியல் அறிஞராலயும் பதில் சொல்ல முடியாது. ஏன்னா எங்க திண்டுக்கல் வட்டாரத்துல யானை போட்ட செப்புக்காசுன்னு சொன்னா அது குறைஞ்சது மூணு விதமா இருக்கலாம். மூணுக்கும் நடுவுல ரெண்டாயிரம் வருச இடைவெளி!

முதல் யானை சதுரமான காசுல நிக்கும். ஒரு பக்கம் யானை, அதுக்கு மேல சில சின்னங்கள், மறுபக்கம் கோடுகளால வரைஞ்ச மீன். இது சங்ககாலப் பாண்டியர் காசு.

ரெண்டாவது யானை வட்டக் காசுல இருக்கும். யானைக்கு மேல பாரசீக எண்கள், மறுபக்கம் பாரசீக எழுத்து. இது திப்பு சுல்தான் காசு.

மூணாவது யானையும் வட்டக் காசுலதான். ஆனா யானைக்கு மேல சூரியன், சந்திரன், நடுவுல கன்னடத்துல 'ஸ்ரீ'. இது 1799ல திப்பு இறந்த பிறகு மைசூர் அரியணைக்கு வந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வெளியிட்டது.

ஆக, "யானை போட்ட காசு"ன்னு மட்டும் சொல்றது, "எங்க வீட்டுக்கு வேட்டி கட்டின ஒருத்தர் வந்தார், யாருன்னு சொல்லுங்க"ன்னு கேக்குற மாதிரி :-)

சதுரமா வட்டமா, எழுத்து இருக்கா இல்லையா, இருந்தா எந்த மொழி மாதிரி தெரியுது. இந்த மூணையும் சேர்த்துச் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

எங்க ஊர்ல ஒரு நாணயச் சாலை

இதுல ரெண்டாவது யானையைப் பத்திக் கொஞ்சம் விரிவாப் பேசணும். திண்டுக்கல்காரங்களே நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது.

1755ல ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாரா வந்தார்னு எல்லாரும் படிச்சிருப்போம். அவர் மகன் திப்பு, தன் ராஜ்ஜியத்துல பல ஊர்கள்ல நாணயச் சாலை வெச்சிருந்தார். அந்த ஊர்களுக்கு எல்லாம் புதுப் பேரும் வெச்சார். குத்தி 'ஃபைஸ் ஹிஸார்' ஆச்சு. சத்தியமங்கலம் 'ஸலாமாபாத்' ஆச்சு. குர்ரம்கொண்டா 'ஸஃபராபாத்' ஆச்சு. ஸ்ரீரங்கப்பட்டணம் காசுல வெறும் 'பட்டன்'. இந்த வரிசையில 'காலிகாபாத்'னு ஒரு பேர் வருது. நாணய நூல்கள் அதைத் திண்டுக்கல்னு அடையாளம் காட்டுது.

பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டைன்னு பெருமை பேசுற நாம, நம்ம ஊர் பேர்ல ஒரு காசே அடிச்சிருக்காங்கங்கிறதை எத்தனை பேர் கிட்ட சொல்லியிருப்போம்?

சரி, உங்க கையில இருக்குற திப்பு காசு நம்ம ஊர்ல அடிச்சதான்னு எப்படிப் பார்க்கறது? பாரசீகம் முழுசாப் படிக்கத் தெரியணும்னு அவசியமே இல்லை. ரெண்டு இடத்தைப் பார்த்தாப் போதும்.

ஒண்ணு, யானை இல்லாத பக்கம். அங்கதான் அடிச்ச ஊர் இருக்கும், பல காசுகள்ல காசோட பேரும் இருக்கும். திப்பு தன் செப்புக்காசுகளுக்குப் பெரும்பாலும் கிரகம், நட்சத்திரம் பேரா வெச்சார். செப்புல ஒரு பைசாவுக்கு 'ஸொஹ்ரா', அதாவது வெள்ளி கிரகம். அரைப் பைசாவுக்கு 'பஹ்ராம்', அதாவது செவ்வாய். இந்தப் பேரோட 'ஸர்ப்'னு ஒரு சொல் இருக்கும். 'அடிக்கப்பட்டது'ன்னு அர்த்தம். கூடவே ஊர்ப் பேர். இங்க ஒரு எச்சரிக்கை: கடைசியில 'ஆபாத்'னு முடிஞ்ச உடனே நம்ம ஊருன்னு துள்ளிக் குதிச்சிரக் கூடாது. ஸலாமாபாத்தும் ஸஃபராபாத்தும் அப்படித்தான் முடியுது. பேரோட ஆரம்ப எழுத்தை ஒரு நல்ல படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.

ரெண்டாவது, யானைக்கு மேல இருக்குற வருசம். இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் தலையைப் பிச்சுக்குவாங்க. திப்பு முதல்ல ஹிஜ்ரி வருசம் போட்டார். பிறகு 1787ல 'மௌலூதி'ன்னு ஒரு புது ஆண்டுக் கணக்கைக் கொண்டு வந்தார். அதோட, எண்களை வலமிருந்து இடமா எழுதவும் ஆரம்பிச்சார். அதனால மௌலூதி 1215ஐ நாம வழக்கம் போல இடமிருந்து வலமாப் படிச்சா 5121னு வரும். "அண்ணே, என் காசு ஐயாயிரம் வருசத்துக்குப் பழசா?"ன்னு கேட்டா ஒண்ணும் சிரிக்க வேணாம். காசு அப்படித்தான் சொல்லுது. திருப்பிப் படிக்கணும், அவ்வளவுதான்.

எண்களையும் சுலபமா அடையாளம் பிடிக்கலாம். 1 ஒரு குச்சி. 5 ஒரு சின்ன முட்டை. 7 ஆங்கில 'வி' மாதிரி. 8 அந்த 'வி'யைக் கவுத்துப் போட்ட மாதிரி.

இப்ப வரலாறு எப்படிக் கை கொடுக்குதுன்னு பாருங்க. 1790 ஆகஸ்ட்ல ஆங்கிலேயப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடிச்சிருச்சு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில ஊரே கம்பெனி கைக்குப் போயிருச்சு. மௌலூதி 1215ங்கிறது 1787. அப்ப 1790ங்கிறது 1218. திண்டுக்கல்ல மௌலூதி வருசம் போட்டுக் காசு அடிக்க திப்புவுக்கு இருந்த அவகாசம் இந்த நாலு வருசத்துக்குள்ளதான். யாராச்சும் 'காலிகாபாத், 1224'ன்னு ஒரு காசைக் கொண்டு வந்து நீட்டினா, ஊரையோ வருசத்தையோ தப்பாப் படிச்சிருக்கோம், இல்லைன்னா காசே போலி. பாரசீகம் தெரியாட்டியும், ஊர் வரலாறு தெரிஞ்சா இந்தச் சோதனையை நாமளே பண்ணிரலாம்.

கேட்டவங்க எல்லாம் யாரு?

"நமக்கெல்லாம் இது ஒத்து வராது, பெரிய படிப்பு படிச்சவங்க வேலை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். தென்னிந்தியக் காசுகளுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல பல பேரு வேற வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்கதான்.

1889ல சென்னையில ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு. பேரைத் தமிழ்ல சொன்னா, 'தென்னிந்தியாவில் நாணயம் சேர்ப்போருக்குச் சில குறிப்புகள்'. எழுதினவர் கேப்டன் டஃப்னெல். ராணுவ அதிகாரி. புதுசா காசு சேர்க்கிறவங்களுக்குன்னே நூத்து முப்பது வருசத்துக்கும் முன்னாடி கையேடு போட்டிருக்காங்க பாருங்க! அதே காலத்துல, 1887-88ல, பாண்டியர் காசுகளைப் பத்திக் கட்டுரை எழுதினவர் ட்ரேஸி. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார். அந்த மிஷன் நம்ம திண்டுக்கல்லயும் இருந்துச்சு.

1921ல ஹைதர், திப்பு காசுகளுக்கு இன்னைக்கு வரைக்கும் மேற்கோள் காட்டப்படுற நூலை எழுதின ஹெண்டர்சன், அடிப்படையில விலங்கியல்காரர். நண்டு வகைகளை ஆராய்ச்சி பண்ணினவர்!

நம்ம காலத்துக்கு வந்தா இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021ல காலமானார். பத்திரிகை ஆசிரியர். சதுரமான ஒரு செப்புக்காசுல குதிரைக்கு மேல தமிழ் பிராமியில 'பெருவழுதி'ன்னு இருக்குறதைக் கண்டு, 1980கள்ல வெளியில சொன்னவர். வழுதிங்கிறது பாண்டியர் பட்டப் பேரு. சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசே அடிக்கலைன்னு பேசிக்கிட்டிருந்த வாயை எல்லாம் அந்தக் கையளவு கூட இல்லாத செப்புத்துண்டு அடைச்சிருச்சு.

இவங்க யாரும் "என்ன வெலை போகும்"ல நிக்கலை. என்ன இருக்கு, எங்க கிடைச்சது, வேற எதோட ஒத்துப் போகுதுன்னு கேட்டாங்க. கேட்டதை எழுதியும் வெச்சாங்க.

எப்படிக் கேக்கணும்?

தெரிஞ்ச ஒருத்தர் கிட்டக் காசைக் காட்டிக் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல இதை எல்லாம் குறிச்சுக்கங்க:

1. என்ன உலோகம் மாதிரி தெரியுது, என்ன வடிவம்.

2. எடை. நகைக்கடைத் தராசுல போட்டு, கிராம்ல, புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் வரைக்கும். திப்புவோட ஒரு பைசா சுமார் 11 கிராம். ரெட்டைப் பைசா அதுல ரெண்டு மடங்கு. 1835 கம்பெனி காலணா 6.47 கிராம். பல போலிகள் எடையிலயே மாட்டிக்கும்.

3. குறுக்களவு, மில்லிமீட்டர்ல. அளவுகோலைப் பக்கத்துல வெச்சே படம் எடுங்க.

4. ரெண்டு பக்கமும் படம். பகல் வெளிச்சத்துல, பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் விழுற மாதிரி. தேய்ஞ்ச எழுத்து அப்பத்தான் எந்திரிச்சு நிக்கும்.

5. எங்க கிடைச்சது. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். தாத்தா பெட்டியா, வத்தலக்குண்டு சந்தையா, வேடசந்தூர் பக்கம் கிணறு வெட்டின மண்ணா? உள்ளது உள்ளபடி. வியாபாரி கிட்ட வாங்கினதுன்னா அப்படியே சொல்லிருங்க.

இதை எல்லாம் செய்யறதுக்கு முன்னாடி ஒரு பாவத்தைச் செய்யாதீங்க. செம்புப் பாத்திரம் விளக்குற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறது! பளபளன்னு ஆகும். கூடவே எழுத்தும் போகும், பல நூறு வருசமாப் படிஞ்ச பச்சையும் போகும். நல்ல தண்ணியில ஊறப்போட்டு மண்ணை மட்டும் மெதுவா எடுங்க. சந்தேகமா இருந்தா ஒண்ணும் செய்யாம அப்படியே விட்டுருங்க.

ஊர்ப் பேருக்கு ஏன் இம்புட்டு அழுத்தம் கொடுக்குறேன்னா, பழநி பக்கத்துல கலையம்புத்தூர்ல 1856ல ரோமானியப் பொற்காசு 63 கிடைச்சுது. ஊர், வருசம், எண்ணிக்கை மூணையும் அப்பவே எழுதி வெச்சதால, ரோம வணிகத்தைப் பத்தி எழுதுற யாரும் இன்னைக்கும் அந்தச் சின்ன ஊரைத் தாண்டிப் போக முடியாது. அதுவே கரூர் அமராவதி மணலைச் சலிச்சுக் கிடைச்ச காசுகள்ல எத்தனையோ, கை மாறிக் கை மாறி, கிடைச்ச இடம் தெரியாம நிக்குது. காசு பத்திரமா இருக்கு. அது சொல்ல வேண்டிய சாட்சிதான் செத்துப் போச்சு.

திப்பு காசுக்கும் இதே கதைதான். அடிச்ச ஊரைக் காசே சொல்லும். ஆனா பட்டன்ல அடிச்ச காசு நத்தம் பக்கம் கிடைச்சா, மைசூர்ப் பைசா இது வரைக்கும் வந்து புழங்குச்சுன்னு அர்த்தம். அதைச் சொல்றதுக்குக் காசுக்கு வாய் இல்லை. கண்டெடுத்தவர்தான் சொல்லணும்.

ரெண்டு பள்ளம், பார்த்து நடங்க

முதல் பள்ளம் மோசடி. ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு, 'கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818'னு எழுதின செப்புத்துண்டை லட்ச ரூபாய்னு சொல்லி விப்பாங்க. அந்த மாதிரி ஒரு அணாவைக் கம்பெனி அடிச்சதே இல்லை. அப்புறம் வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்கன்னு ஃபோன் வரும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு: பழைய காசு, நோட்டு வியாபாரத்துல நாங்க இல்லை, எங்க பேரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்டா நம்பாதீங்கன்னு. "என்ன வெலை போகும்"ங்கிற கேள்வியை மட்டுமே வெச்சிருக்குறவங்கதான் இதுல முதல்ல விழறாங்க.

பழசுன்னாலே விலைன்னும் நினைச்சுராதீங்க. 1808ல இங்கிலாந்துல அடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பின செப்புக்காசுகளோட 'அட்மிரல் கார்ட்னர்'ங்கிற கப்பல் 1809ல அந்த ஊர்க் கரையோரமே மூழ்கிருச்சு. 1980கள்ல மூட்டை மூட்டையா வெளியில எடுத்தாங்க. இருநூறு வருசத்துக்கு மேல வயசான காசுதான், ஆனா ஏராளமா இருக்கு.

ரெண்டாவது பள்ளம் சட்டம். 1878ம் வருசப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா, கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலமாத் தெரிவிக்கணும். வீட்டுப் பெட்டியில இருந்த தாத்தா காசு வேற, வீடு கட்டத் தோண்டினப்போ பானையோட வந்த காசு வேற. ரெண்டாவது கிடைச்சா, பானையைக் கலைக்காம அப்படியே தகவல் கொடுங்க. எந்தக் காசோட எந்தக் காசு இருந்துச்சுங்கிறதுதான் அங்க பாடமே.

கடைசியா ஒண்ணு. இருக்குறதுலயே அழகான காசுக் கண்காட்சி வேணும்னா எழும்பூர் அருங்காட்சியகம் போங்க. கண்ணு பழகினாத்தான் கேள்வி கூர்மையாகும். அங்க போக வசதிப்படலைன்னா வீட்டுல இருக்குற பெரியவங்களை உக்கார வெச்சு, ஓட்டைக் காலணா, தம்பிடி, துட்டு எல்லாம் என்னன்னு கேளுங்க. 'துட்டு'ங்கிற சொல்லே டச்சுக்காரங்க செப்புக்காசுப் பேர்ல இருந்து வந்ததுதான். நாம தினமும் அந்தக் காலத்துக் காசை வாயில வெச்சுக்கிட்டுத்தான் திரியறோம் :-)

மலைக்கோட்டைக்குக் கீழ நாலு வருசமே ஓடியிருக்கக்கூடிய ஒரு நாணயச் சாலை. அதுல அடிச்ச காசு இன்னும் யாரோ ஒருத்தர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலயோ, பழைய பாத்திரக்கடை மூலையிலயோ கிடக்கலாம். அதைக் கையில எடுக்கிற தம்பியோ தங்கச்சியோ முதல்ல திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊரு?"ன்னு கேட்டுட்டாப் போதும். வெலையை அப்புறம் பேசிக்கலாம்.