மூன்று மைல் கடல்

ஒரு நாட்டின் எல்லை அதன் கரையோடு முடிந்துவிடுவதில்லை. கரையை அடுத்த கடலும் அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டதே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கடலெல்லை மூன்று மைல் என்று வல்லரசுகள் பல கொண்டிருந்தன. அம்மூன்று மைலின் பொருட்டு 1905ஆம் ஆண்டில் நான்கு வல்லரசுகள் போரில் சிக்க இருந்தன. அவ்வாபத்து நீங்கிய வரலாறு நாம் அறியத்தக்கது.

ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. பால்டிக் கடலினின்று புறப்பட்ட ருஷியக் கப்பற்படை, தளபதி ரொஜெஸ்த்வென்ஸ்கியின் தலைமையில், ஏப்ரல் 8ந் தேதி சிங்கப்பூர் மக்கள் கண்ணாரக் காணக் கடந்து சென்றது. 14ந் தேதி, பிரஞ்சு ஆட்சியிலிருந்த அன்னாம் நாட்டுக் காம்ரான் குடாவில் நங்கூரமிட்டது. பிரான்ஸ் இப்போரில் நடுநிலை வகித்த நாடு. ஆயினும் ருஷியாவின் நேசநாடு. நடுநிலைக் கடல் தன் பகைவனுக்குப் போர்த்தளமாவதா என்று ஜப்பான் கொதித்தெழுந்தது. ருஷியாவுடன் இன்னொரு வல்லரசு சேர்ந்து போரிடுமாயின், 1902ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பிரிட்டன் ஜப்பானுக்குத் துணையாகக் களம் புக வேண்டும்.

பாரிஸிலிருந்த ஜப்பானியத் தூதர் மோட்டோனோ, பிரஞ்சு வெளிநாட்டு மந்திரி தெல்காஸேயிடம் முறையிட்டார். பிரிட்டனின் விதியோ அந்நியப் போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கலாகாது என்பது. பிரஞ்சு விதியில் அத்தகைய காலவரம்பு இல்லை. தெல்காஸே அதைக் காட்டி வாதாடியிருக்கலாம். ஆனால் மொராக்கோவின் பொருட்டு ஜெர்மனி மிரட்டிய அவ்வேளையில் பிரிட்டனின் நட்பை இழக்க அவர் விரும்பவில்லை. தம் நேசநாட்டை ஊரறியப் பழிக்காமல், ருஷியத் தலைநகருக்கு உள்ளுற எடுத்துரைத்தார். ஜார் மன்னரின் கட்டளை வந்தது. ஏப்ரல் 22ந் தேதி கப்பல்கள் வெளியேறின.

ஆனால் அவை வெகுதூரம் போகவில்லை; அதே கரையில் வடக்கேயுள்ள வான்போங் குடாவில் தங்கின. மீண்டும் முறையீடு, மீண்டும் வற்புறுத்தல். மே 14ந் தேதி அப்படை அக்கரையை விட்டகன்று, அம்மாத இறுதியில் சுஷிமாவில் அழிந்தது.

இது வெறுங் கண்துடைப்பென்று சிலர் கூறுவர். விதி சரிவரக் காக்கப்படவில்லை என்பது மெய்யே. எனினும் யாருடைய மானமும் குலையாமல் போர் பரவுவது தடுக்கப்பட்டதே! வெவ்வேறு விதிகளால் விளைந்த இக்குழப்பத்தை எண்ணியே போலும், 1907ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில், தனக்கென வேறு சட்டம் வகுக்காத நாட்டின் கடலில் 24 மணி நேரமே வரம்பு என்று எழுதி வைத்தனர்.

ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. பாரிஸும் டோக்கியோவும் லண்டனும் பேசின. அக்குடாவுக்கு உரிய அன்னாம் மக்களை ஒருவரும் கேட்கவில்லை. அடிமை நாட்டுக்குத் தன் கடலும் சொந்தமில்லை.