ஒரு பெயர், இரண்டு பழுப்பு

ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் ஊற்றுப்பேனாவுக்கென்று செய்யும் மைகளில் இரண்டு, செபியா என்ற பெயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று நிறமித் துகள்களால் ஆன ‘பிரன் செபியா’. மற்றது 2017இல் வெளிவந்த ‘கிளாசிக்’ வரிசையைச் சேர்ந்த ‘செபியா பிளாக்’. இரண்டும் 60 மில்லி புட்டியில் வருகின்றன. எழுதும் கணத்தில் இரண்டும் பழுப்பாகவே இருக்கின்றன. அருகருகே ஒரே வரியை இரண்டாலும் எழுதி, மறுநாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால்தான் வழி பிரிவது தெரியும்.

பிரன் செபியா காய்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். செபியா பிளாக் அதற்குள் கறுப்பை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும். அடர்ந்து இறங்கிய கோடு ஏறக்குறைய கறுத்துவிட, மெல்லிய கோட்டில் மட்டும் பழுப்பு எஞ்சி நிற்கும்.

காரணம் மையின் உள்ளே இருக்கிறது. பிரன் செபியாவில் நிறம் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் தாளின் இழைகளில் படிந்துவிடும், வேலை முடிந்தது. செபியா பிளாக்கிலோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அதில் இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் அமிலத்தின் துணையால் கரைந்த நிலையில் இருக்கின்றன. காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, துவர்ப்போடு சேர்ந்து, கரையாத கருமையாகிறது. வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதே வினைதான். முதலில் நாம் பார்க்கும் பழுப்பு, எழுதும்போது எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காகச் சேர்த்த சாயம் மட்டுமே.

ஆகவே நீரில் நனைத்துப் பார்க்கும் சோதனை சுவையானது. இரண்டு வரிகளும் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் ஒன்றில் பழுப்பே பிழைக்கிறது, மற்றதில் பழுப்பைத் தவிர மற்றது பிழைக்கிறது. செபியா பிளாக்கிலிருந்து சாயம் கழுவிப் போய்விட, இரும்பின் கறுப்பு மட்டும் மிஞ்சும். பழுப்பு மை என்று அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

தாளில் இப்படி உறுதியாக நிற்பவை பேனாவுக்குள்ளும் அப்படி நின்றுவிடக் கூடாதே! நிப்புக்கு மை கொண்டுசெல்லும் நாக்கட்டையில் காயவிட்டால் இரண்டுமே அடைத்துக்கொள்ளும். இங்கே இரும்பு மை சற்று இணக்கமானது: வைட்டமின் சி கரைத்த நீர் அந்தக் கறுப்பைத் திரும்பக் கரையவைக்கும். காய்ந்த துகளுக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. ஊறவைத்துக் கழுவித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு வேறுபாட்டுக்குப் பிறகு உறவு எங்கே? மரபில்தான். கணவாயின் மைப்பையிலிருந்து எடுத்த பழைய செபியாவும் கரையாத துகள்தான். மெலனின் என்னும் நிறமி. அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1833இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் எலிசபெத் பில்பாட், கணவாயின் தொல் உறவான பெலம்னைட்டின் புதைபடிவ மைப்பையைப் பொடித்துக் கரைத்து, இக்தியோசர் என்னும் தொல் கடல் ஊர்வனத்தின் மண்டையோட்டை வரைந்தார். ஜுராசிக் காலத்து மை அது. பிரன் செபியாவில் கணவாய் இல்லை. ஆனால் துகளாக மிதந்து துகளாகவே படியும் அந்த இயல்பு இருக்கிறது.

செபியா பிளாக்கின் முன்னோர் காட்டில் இருக்கிறார்கள். குளவி முட்டையிட்ட ஓக் மரத்தில் திரளும் மாசிக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதியது. கணவாய் பகையிடமிருந்து தப்பப் பீய்ச்சுவது ஒன்று. மரம் தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகச் சேர்த்துவைக்கும் துவர்ப்பு இன்னொன்று. இரண்டு மரபுகளின் வேரிலும் தற்காப்பு இருக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. கறுப்பாக எழுதப்பட்ட பழைய இரும்பு மை, காலப்போக்கில் பழுப்பாகிவிட்டது. ஓவியக்கூடங்களில் நாம் காணும் பழங்காலப் பழுப்புக் கோடுகளில் பல இப்படி நிறம் மாறியவை. சிலவற்றில் தாளையே மை அரித்தது. பெர்லினில் உள்ள இசையமைப்பாளர் பாஹின் கையெழுத்து இசைத்தாள்களைக் காப்பாற்றப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. இன்றைய மையில் இரும்பும் அமிலமும் குறைவு. அது பழுப்பில் தொடங்கிக் கறுப்புக்குப் போகிறது. முன்னோர் கறுப்பில் தொடங்கிப் பழுப்புக்கு வந்தனர்.

பழுப்பு பழுப்பாகவே இருக்க வேண்டும் என்பவருக்குப் பிரன் செபியா போதும், அதுவும் தினமும் திறக்கும் பேனாவில். செபியா பிளாக்கை நான் மெல்லிய நிப்புக்கே பரிந்துரைப்பேன். தடித்த நிப்பில் அதன் பழுப்பை ரசிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.