தன் மூக்கே ஆய்வுக்கூடம்

ஆஸ்துமாவைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் முழுநூலை 1698இல் ஜான் ஃப்ளாயர் எழுதினார். அடுத்த பெருநூல் 1860இல் வந்த ஹென்றி ஹைட் சால்ட்டருடையது. இருவரும் மருத்துவர்கள், இருவரும் இரைப்பு நோயாளிகள். சுவாசப் பாதை ஒவ்வாமை பற்றிய ஆய்வின் வரலாற்றில் இது திரும்பத் திரும்பக் காணப்படும் ஒன்று. நோயை ஆராய்ந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் மூக்கையும் தோலையும் நுரையீரலையுமே சோதனைப் பொருளாக்கினார்கள். இதற்குத் துணிச்சல் மட்டும் காரணமில்லை. இந்த நோய்க்குக் காரணமான பொருளைக் காட்டக்கூடிய வேறு கருவி 1960கள் வரை யாரிடமும் இருக்கவில்லை.

லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றில் 1819 மார்ச் 16 அன்று ஜான் பாஸ்டாக் வாசித்த கட்டுரை, கண்ணையும் மார்பையும் பருவந்தோறும் தாக்கும் ஒரு நோயை விவரித்தது. ஜூன் மாதம் பிறந்ததும் கண் சிவந்து அரிக்கும். அடுக்குத் தும்மல் வரும், மூக்கு நீராய் ஒழுகும், பிறகு நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும். எட்டு வயதிலிருந்து இப்படி அவதிப்பட்ட அந்த நோயாளி பாஸ்டாக்கேதான். இரத்தம் எடுத்தல், பேதிமருந்து, சிங்கோனாப் பட்டை, அபின், பாதரசம், குளிர்நீர்க் குளியல் என்று அன்றைய மருத்துவத்தில் இருந்த அனைத்தையும் அவர் தன்மீது முயன்று பார்த்திருந்தார். எதுவும் பயன் தரவில்லை. இதே நோயுள்ள வேறு ஆட்களைத் தேடி, 1828இல் 28 பேரின் விவரங்களுடன் இரண்டாம் கட்டுரையை வெளியிட்டார். காய்ந்த புல்லின் வாடைதான் காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. கோடை வெயிலே காரணம் என்று கடைசிவரை நம்பினார். ஊர்ப்பேச்சுதான் உண்மைக்கு அருகில் இருந்தது.

அந்தப் பேச்சை ஆய்வாக்கியவர் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் பிளாக்லி. ஹோமியோபதி மருத்துவரான அவருக்கும் இதே கோடை நோய் உண்டு. 1859இல் தொடங்கிய சோதனைகளை 1873இல்தான் நூலாக வெளியிட்டார். காரணம் என்று எதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தார்களோ, அவற்றையெல்லாம் வரிசையாக எடுத்துத் தன் மூக்கிலேயே சோதித்ததுதான் அவருடைய முறையின் சிறப்பு. காய்ந்த புல்லுக்கு மணம் தரும் கூமரின், பென்சோயிக் அமிலம், ஓசோன், பூக்களின் வாசம், தூசு, வெப்பம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து விளைவைக் குறித்துக்கொண்டார். ஈர வைக்கோலில் பூஞ்சைகளை வளர்த்து அவற்றின் வித்துத் தூளையும் இழுத்துப் பார்த்தார். தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லை. மறுமுறை அதைச் செய்யும் ஆசை அவருக்கு வரவில்லை. ஆனாலும் அது அவர் தேடிய கோடை நோய் அல்ல.

புல்லின் மகரந்தத்தை வைத்தபோதுதான் நோய் தன் முழு உருவில் வந்தது. மகரந்தத்தை உலர்த்தி எடுத்துவைத்து, குளிர்காலத்தில் மூக்கில் இட்டபோதும் வந்தது. பாஸ்டாக்கின் வெயில் கொள்கை இந்த ஒரே சோதனையோடு முடிந்துபோயிற்று. அடுத்து இரு கைகளின் தோலையும் லேசாகக் கீறி, ஒன்றில் மட்டும் நனைத்த மகரந்தத்தை வைத்துக் கட்டினார். அந்தக் கை அரித்து வீங்கியது; மற்றது அப்படியே இருந்தது. ஒவ்வாமை மருத்துவமனைகளில் இன்று செய்யப்படும் தோல் சோதனைக்கு இதுவே மூலம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கையை வெறுமனே விட்டது, அந்தக் காலத்து மருத்துவத்தில் அரிதான நிதானம்.

மகரந்தம் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒட்டும் திரவம் தடவிய கண்ணாடித் தகடுகளை மூச்சு இழுக்கும் உயரத்தில் ஒரு நாள் முழுக்க வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்த துகள்களை நுண்ணோக்கியில் எண்ணினார். எண்ணிக்கை ஏறும்போது தும்மலும் ஏறியது. மழை பெய்து அது இறங்கியபோது தும்மலும் இறங்கியது. பிறகு பட்டங்களை ஒன்றோடொன்று கட்டி, தகடுகளை ஆயிரம் அடிக்கும் மேலே அனுப்பினார். தரைக்கு அருகில் இருப்பதைவிட மேலே மகரந்தம் அதிகமாகவே சிக்கியது. வயலே இல்லாத நகரத்து நடுவில் வசிப்பவருக்கும் ஏன் இந்த நோய் வருகிறது என்பதற்கு அது விடை. மகரந்தத்திலேயே நாள்தோறும் புரளும் உழவர்களை நோய் ஏன் அவ்வளவாகத் தொடுவதில்லை என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். அதற்கு அவரிடம் உறுதியான விடை இல்லை. பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் 1990களின் இறுதியில் காட்டிய பிறகும் அந்தக் கேள்வி முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் வரும் இதே வகை நோய்க்கு அம்புரோசியா என்ற களைச்செடியே காரணம் என்று மோரில் வைமன் 1872இல் எழுதினார். அவருக்கும் அந்த நோய் இருந்தது. நோய் தீண்டாத மலைப்பகுதிக்கு அந்தச் செடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் முகர்ந்து, நோயை அங்கேயே வரவழைத்துக் காட்டினார். ஜெர்மனியில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மூக்குச் சளியில் நுண்ணுயிர்களைக் கண்டு, அவையே காரணம் என்று முடிவு செய்து, கொயினா கரைசலை மூக்கில் விட்டுக்கொண்டார். பெரிய அறிஞர்களின் மூக்கும் சில நேரம் தவறாகவே சொல்லும்.

கிருமிகளின் நஞ்சுக்கு எதிர்மருந்து கண்டுபிடித்த காலம் அது. ஹாம்பர்க் நகரில் டன்பார், மகரந்தத்திலும் ஒரு நஞ்சு இருப்பதாகக் கருதினார். குதிரைக்கு மகரந்தம் ஏற்றி, அதன் சீரத்தை மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை. அதே நஞ்சுக் கொள்கையோடுதான் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்ட் நூனும் தொடங்கினார். ஆனால் குதிரையை விட்டுவிட்டு நோயாளிக்கே தடுப்பூசி போல மகரந்தச் சாற்றைச் செலுத்தினார். திமோத்திப் புல்லின் மகரந்தச் சாற்றை நோயாளியின் கண்ணில் சொட்டுவார். எந்த அளவு நீர்த்த சாறுவரை கண் சிவக்கிறது என்று பார்த்து, அதைக்கொண்டு ஊசியின் அளவைத் தீர்மானித்து, படிப்படியாகக் கூட்டுவார். 1911இல் இது லான்செட் இதழில் வந்தது. காசநோயால் நூன் 1913இல் இறந்தபோது அவருக்கு வயது 35. ஜான் ஃப்ரீமன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். மகரந்தத்தில் நஞ்சு இல்லை என்பது பிறகு தெளிவானது. ஆனால் தவறான கொள்கையிலிருந்து பிறந்த அந்த ஊசி சரியாகவே வேலை செய்தது. இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

நஞ்சு இல்லையென்றால் கோளாறு உடலின் எதிர்வினையில்தான் இருக்க வேண்டும். இந்த மாறுபட்ட எதிர்வினைக்கு 1906இல் வியன்னாவின் ஃபோன் பிர்க்கே ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. நோயாளியின் இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை நிரூபித்தவர்கள் பிரெஸ்லாவ் நகரின் பிரவுஸ்னிட்ஸும் குஸ்ட்னரும். குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய சீரத்தில் சிறிதளவை பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் சில நிமிடங்களில் தடிப்பு எழுந்தது. சீரம் ஏறாத பக்கத்துத் தோலில் எதுவும் இல்லை. மகரந்த ஒவ்வாமை கொண்ட பிரவுஸ்னிட்ஸின் சீரத்தைக் குஸ்ட்னருக்கு ஏற்றிச் செய்த சோதனை தோற்றது. கிடைத்த ஒரே வெற்றியை வைத்து 1921இல் கட்டுரை வெளியாயிற்று. கினிப்பன்றிகளால் இதைச் செய்து காட்ட முடியவில்லை. ஆகவே அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த மர்மப் பொருளை அளக்க மனிதத் தோல்தான் தராசு. ஒருவர் சீரத்தை இன்னொருவருக்கு ஏற்றுவதால் மஞ்சள்காமாலை பரவும் ஆபத்து இருந்ததால் பிற்காலத்தில் அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா இருவரும் ஒவ்வாமை நோயாளிகளின் சீரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தங்கள் முதுகிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள். அறியப்பட்டிருந்த எதிர்ப்பொருள் வகை எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை என்று கண்டு, 1966இல் புதிய வகை ஒன்றை அறிவித்தார்கள். மற்ற எதிர்ப்பொருள்களோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு குறைவாக இருக்கும் ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது அவர்களுக்கும் இயலவில்லை. அந்தக் குறையை ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் நிறைவு செய்தனர். மயலோமா என்ற புற்றுநோய் கொண்ட ஒருவரின் இரத்தத்தில் யாருக்கும் தெரியாத ஒரு புரதம் ஏராளமாக இருப்பதை 1967இல் கண்டார்கள். இரு நாடுகளின் பொருளும் ஒன்றுதான் என்று தெரிந்ததும், 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டம் அதற்கு ஐஜிஇ என்று பெயரிட்டது. இரத்தச் சோதனை வந்தது. இந்த வேலைக்கு இன்னொருவர் தோல் தேவைப்படவில்லை.

மருந்துத் துறையில் பழைய வழக்கம் தொடர்ந்தது. சிரியாவில் பிறந்த ரோஜர் ஆல்டூன்யான் ஆஸ்துமாக்காரர். இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், கினிப்பன்றியின் முடியிலிருந்து எடுத்த சாற்றை உள்ளிழுத்து மூச்சிரைப்பை வரவழைப்பார். எந்த வேதிப்பொருள் அதைத் தடுக்கிறது என்று நூற்றுக்கணக்கானவற்றை ஆண்டுக்கணக்கில் சோதிப்பார். கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் மூலிகை ஒன்றிலிருந்து கிடைக்கும் கெல்லினை ஒட்டி உருவாக்கப்பட்ட பொருள்கள் அவை. 1965இல் குரோமோகிளைகேட் கிடைத்தது. 1968இல் விற்பனைக்கு வந்தது. போர்க்காலத்தில் விமானியாக இருந்தவர் என்பதால், தூளை உறிஞ்சும் கருவிக்குள் ஒரு சிறு உந்துசுழலியை வைத்தார்.

ஒவ்வாமையில் அடங்காத ஒரு புதிரும் இருந்தது. ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வருவதைப் பாரிஸில் விடால் குழுவினர் 1922இல் பதிவு செய்தனர். சிறு அளவில் தொடங்கி அதே ஆஸ்பிரினுக்கு அந்த நோயாளியைப் பழக்கவும் செய்தனர். கட்டுரை பிரெஞ்சில் இருந்ததாலோ என்னவோ, 1968இல் சிகாகோவின் சாம்டர் மறுபடி எழுதும்வரை அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஆஸ்பிரின் உடலில் ஒரு வேதிப்பாதையை அடைக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். அந்த அடைப்பே மூச்சிரைப்பைக் கிளப்புகிறது என்று 1975இல் போலந்தின் ஷ்செக்லிக் விளக்கினார். மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரைன்களை 1979இல் சாமுவேல்சன் அடையாளம் கண்டார். ஆஸ்பிரின் அந்தப் பாதையை அடைத்ததும், அது இட்டிருந்த தடை நீங்கி அவையே பெருகுகின்றன.

மூக்குக்கு ஒரு மருத்துவர், மார்புக்கு இன்னொரு மருத்துவர் என்று பிரிந்திருந்த துறைகள் இந்த மூன்று நோய்களின் கூட்டையும் இரண்டாகவே பார்த்தன. 1999இல் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதார நிறுவன அமர்வு, மூக்கு அழற்சி உள்ளவரிடம் ஆஸ்துமாவையும் தேட வேண்டும், ஆஸ்துமாக்காரரின் மூக்கையும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐஜிஇயைப் பிடித்து நிறுத்தும் ஒமாலிசுமாப் என்ற ஊசிமருந்து 2003இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. மூக்குச் சதை வளர்ச்சிக்கும் அதைத் தரலாம் என்ற அனுமதி 2020இல் கிடைத்தது. மார்புக்கு வந்த மருந்து மூக்குக்கு வந்து சேர 17 ஆண்டுகள் ஆயின.